கிராங்கை மாற்றினால் எஞ்சின் வளருமா?

"இரண்டு லிட்டர் எஞ்சின்", "நான்கு லிட்டர் எஞ்சின்" என்று வண்டிகளைப் பற்றிப் பேசக் கேட்டிருப்பீர்கள். அந்த லிட்டர் எதன் அளவு? பெட்ரோல் தொட்டியின் கொள்ளளவு அன்று. எஞ்சினில் ஊற்றும் எண்ணெயின் அளவும் அன்று. சிலிண்டருக்குள் பிஸ்டன் உச்சியிலிருந்து அடி வரை இறங்கும்போது அதன் மேலே ஓர் இடம் விடுபடுகிறது அல்லவா? எல்லாச் சிலிண்டர்களிலும் விடுபடும் அந்த இடத்தின் கூட்டுத்தொகையே அது. அந்த இடத்தில் எவ்வளவு காற்று வந்து நிறைகிறதோ, அதற்கேற்ற பெட்ரோலைத்தான் எரிக்க முடியும். ஆகவே, இடம் பெருகினால் எஞ்சினின் வலிமையும் பெருகும்.

இந்த இடத்தின் கன அளவைக் கணக்கிடப் பெரிய கல்வி தேவையில்லை. பள்ளியில் உருளையின் கன அளவுக்குக் கற்ற சூத்திரமே போதும்: அடிப்பரப்பை உயரத்தால் பெருக்க வேண்டும். அடிப்பரப்பைத் தருவது சிலிண்டரின் விட்டம். உயரத்தைத் தருவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். இதை வீச்சு என்கிறோம். எஞ்சினைப் பெரிதாக்க வேண்டுமானால் விட்டத்தைக் கூட்டலாம், அல்லது வீச்சைக் கூட்டலாம்.

விட்டத்தைக் கூட்டும் வேலை நம் ஊர்ப் பட்டறைகளிலும் நடப்பதுதான். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, சற்றுப் பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். 'ரீபோர்' என்று சொல்வது இதைத்தான். ஆனால் சிலிண்டர்ச் சுவருக்கு அப்பால் குளிர்விக்கும் நீர் ஓடுகிறது. சுவரை அளவுக்கு மேல் கடைந்தால் அது மெலிந்து வெடித்துவிடும். எனவே இந்த வழியில் வெகுதூரம் போக முடியாது.

வீச்சைக் கூட்டுவது எப்படி? கால் தையல் இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். மிதிபலகையிலிருந்து ஒரு கம்பி மேலே போய்ப் பெரிய சக்கரத்தில் மாட்டியிருக்கும். மாட்டிய இடம் சக்கரத்தின் மையம் அன்று. சற்று விலகிய ஓர் இடம். அந்த இடத்தை மையத்திலிருந்து இன்னும் விலக்கி மாட்டினால் மிதிபலகை முன்பைவிட அதிகமாக ஏறி இறங்கும். எஞ்சினில் மிதிபலகையின் இடத்தில் பிஸ்டனும், கம்பியின் இடத்தில் கனெக்டிங் ராடும், சக்கரத்தின் இடத்தில் கிராங்க் தண்டும் இருக்கின்றன. கிராங்கின் ஊசி மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதைப்போல் இரண்டு மடங்கு வீச்சு. அதிக விலக்கம் உள்ள கிராங்க் ஒன்றை எடுத்து அதே எஞ்சினில் பொருத்திவிட்டால், வெளித்தோற்றம் மாறாமலே எஞ்சின் பெரிதாகிவிடும். இப்படிச் செய்த எஞ்சினுக்கு அமெரிக்க மெக்கானிக்குகள் வைத்த பெயர் 'ஸ்ட்ரோக்கர்'.

சொல்லும்போது எளிது. ஆனால் கிராங்க் என்பது எஞ்சினின் முதுகெலும்பு. ஓர் எஞ்சினுக்காகச் செய்த முதுகெலும்பு இன்னொன்றில் எப்படிப் பொருந்தும்? வீட்டுக் கொட்டகையில், பழைய இரும்புக் கடையில் வாங்கிய கிராங்கைக் கொண்டு எத்தனையோ அமெரிக்கர்கள் தங்கள் ஜீப் எஞ்சினைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அது முடிந்ததற்கான காரணத்தை எஞ்சினுக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. அதைச் செய்த கம்பெனியின் வரலாற்றிலும் தேட வேண்டும்.

மெர்க்குரியின் கிராங்க்

இந்தப் பழக்கம் ஜீப்பில் தொடங்கியதன்று. 1932-இல் ஃபோர்டு கம்பெனி எட்டுச் சிலிண்டர் எஞ்சினை எளியவர்களும் வாங்கும் விலையில் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் அந்தக் கார்கள் பழைய கார்களாகி இன்னும் மலிந்தன. தென் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றை வாங்கி, வேண்டாத தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வறண்ட ஏரிப் படுகைகளில் வேகப் பந்தயம் நடத்தினார்கள். அந்தப் பந்தயங்களை முறைப்படுத்த 1937-இல் ஒரு சங்கமே தோன்றியது.

1949-இல் ஃபோர்டு கம்பெனி தன் விலை உயர்ந்த மெர்க்குரி காருக்கு அதே குடும்பத்து எஞ்சினில் 4 அங்குல வீச்சுள்ள கிராங்கைப் போட்டது. சாதாரண ஃபோர்டு காரின் வீச்சு 3¾ அங்குலம். இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான். இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? மோதி நொறுங்கிய மெர்க்குரி கார்களின் கிராங்குகள் ஃபோர்டு எஞ்சின்களுக்குள் புகுந்தன. 239 கன அங்குலம் 255 ஆகியது. இன்னும் துணிந்தவர்கள் கிராங்கின் ஊசியை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கடைந்து, அதன் மையத்தையே வெளிப்புறம் நகர்த்தி மேலும் சிறிது வீச்சைப் பெற்றார்கள்.

அடுத்த தலைமுறையில் இதே வேலை ஷெவ்ரலே எஞ்சினில் நடந்தது. 1970-இல் வந்த 400 கன அங்குல எஞ்சினின் கிராங்கை 350-இல் போட்டால், சிறிது ரீபோருடன் 383 கன அங்குலம் கிடைத்தது. இங்கே பொருத்தம் அவ்வளவு இயல்பாக அமையவில்லை. 400-இன் கிராங்க் பேரிங்கில் உட்காரும் கழுத்துகள் 2.65 அங்குலப் பருமன். 350-இல் இடம் 2.45 அங்குலத்துக்கே. ஆகவே கழுத்துகளைக் கடைந்து மெலிவிக்க வேண்டும். கனெக்டிங் ராடின் போல்ட்டுகள் பிளாக்கின் அடி ஓரத்தில் இடிக்காமலிருக்க அங்கங்கே இரும்பைத் தேய்த்து எடுக்கவும் வேண்டும். ஜீப்பின் கதை இதிலிருந்து வேறுபடுகிறது.

கெனோஷாவில் பிறந்த ஆறு சிலிண்டர்

விஸ்கான்சின் மாநிலத்துக் கெனோஷா நகரில் எஞ்சின் செய்துவந்த கம்பெனி அமெரிக்கன் மோட்டார்ஸ். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்ற மூன்று யானைகளுக்கு இடையில் நடந்த ஆடு என்று அதைச் சொல்லலாம். ஒவ்வொரு காருக்கும் ஒரு புது எஞ்சின் என்று செலவு செய்ய அதனிடம் பணம் இல்லை. 1964-இல் அது வரிசையாக ஆறு சிலிண்டர் கொண்ட, 232 கன அங்குல எஞ்சின் ஒன்றை வெளியிட்டது. பின்னர் அதிலிருந்தே 199 கன அங்குலச் சிறிய எஞ்சினும், 1971-இல் 258 கன அங்குலப் பெரிய எஞ்சினும் வந்தன.

மூன்றின் சிலிண்டர் விட்டமும் 3.75 அங்குலமே! வீச்சு மட்டும் முறையே 3.5, 3, 3.895 அங்குலம். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 232, 199, 258 என்ற எண்கள் சரியாக வரும். சிலிண்டர் கடையும் இயந்திரங்களை மாற்றாமல், கிராங்கையும் அதற்குத் தக்கபடி ராடு, பிஸ்டன்களையும் மட்டும் மாற்றி மூன்று எஞ்சின்களை விற்றிருக்கிறார்கள். 258-க்காகப் பிளாக்கின் உயரத்தைச் சற்றே கூட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வீட்டுக் கொட்டகைக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று பெருமையாகப் பேசப்படும் ஸ்ட்ரோக்கர் வேலையைத் தொழிற்சாலையே அவர்களுக்கு முன்னால் செய்து காட்டிவிட்டது என்றே நான் சொல்வேன்.

1970-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் ஜீப் நிறுவனத்தை வாங்கியது. இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் ஜீப்களிலும் ஓடின. (நம் நாட்டில் மகிந்திரா கம்பெனி 1947 முதல் பூட்டிய வில்லிஸ் ஜீப்களில் இருந்தது வேறு, அது நான்கு சிலிண்டர் எஞ்சின்.) 1987 மாடலில் இந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளை வந்தது: 4 லிட்டர் எஞ்சின். நெடுஞ்சாலை வேகத்துக்கு ஏற்றபடி விட்டத்தை 3.875 அங்குலமாகக் கூட்டி, வீச்சை 3.414 அங்குலமாகக் குறைத்திருந்தார்கள். கார்புரேட்டருக்குப் பதில் மின்னணு எரிபொருள் தெளிப்பு. 173 குதிரைத்திறன். அதே ஆண்டில் கார்புரேட்டருடன் ஜீப்பில் ஓடிய 258 எஞ்சினின் திறன் 112 மட்டுமே. 1987-இல் கிரைஸ்லர் கம்பெனி அமெரிக்கன் மோட்டார்ஸை விழுங்கியது. ஆனால் எஞ்சின் பிழைத்துக்கொண்டது. 258 எஞ்சின் 1990 வரையும், 4 லிட்டர் 2006 வரையும் உற்பத்தியாயின.

இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 4 லிட்டரிடம் அகன்ற சிலிண்டரும் நல்ல ஹெட்டும் இருக்கின்றன, வீச்சு குறைவு. பழைய 258-இடம் நீண்ட வீச்சு இருக்கிறது, சிலிண்டர் குறுகல். இரண்டு கிராங்குகளையும் ஏழு பேரிங்குகள் தாங்குகின்றன. கழுத்துகளின் பருமன் இரண்டிலும் 2.5 அங்குலம். கனெக்டிங் ராடு பிடிக்கும் ஊசிகளின் பருமனும் ஒன்றே. யாரும் வீட்டில் கிராங்க் மாற்றட்டும் என்று அவர்கள் இதைச் செய்யவில்லை. கையிலிருந்த இயந்திரங்களைத் தூக்கி எறிய மனமில்லாத சிக்கனம்தான் காரணம். அந்தச் சிக்கனத்தின் பயனை 1990-களில் ஜீப் வைத்திருந்தவர்கள் அனுபவித்தார்கள்.

இன்னொரு பொருத்தத்தையும் பாருங்கள். என்னை வியக்கவைத்தது இதுதான். நீண்ட வீச்சுள்ள கிராங்கைப் போட்டால் பிஸ்டன் கீழே அதிகமாக இறங்குவதோடு மேலேயும் அதிகமாக ஏறும். எவ்வளவு? வீச்சின் வேறுபாட்டில் பாதி: 0.2405 அங்குலம். அப்படி ஏறினால் பிஸ்டன் ஹெட்டில் போய் மோதும். ஆனால் 258-இன் கனெக்டிங் ராடு 5.875 அங்குல நீளம். 4 லிட்டரின் ராடு 6.125 அங்குலம். 258-இன் கிராங்கோடு அதன் ராடையும் சேர்த்துப் போட்டுவிட்டால் பிஸ்டன் 0.25 அங்குலம் கீழே இருக்கும். ஏறுவது 0.2405, இறங்குவது 0.25! ஏறத்தாழ நூற்றில் ஓர் அங்குலம் வேறுபாட்டில், 4 லிட்டரின் பிஸ்டன் தன் பழைய உச்சியிலேயே வந்து நிற்கிறது.

பலன் என்ன? ஒரு சிலிண்டரில் 660 கன செ.மீ. இருந்தது, சிலிண்டரை 0.030 அங்குலம் ரீபோர் செய்தால், 764 ஆகிறது. ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஏறத்தாழ 4.6 லிட்டர். நூற்றுக்குப் பதினாறு பங்கு கூடுதல். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிச் சிலிண்டர் தேய்ந்த வண்டிக்கு எப்படியும் ரீபோர் செய்தாக வேண்டும். செய்கிற செலவோடு ஒரு பழைய கிராங்கும் ராடுகளும் வாங்கினால் போதும் என்னும்போது யாருக்குத்தான் ஆசை வராது?

பாறைமேல் ஏறும் வண்டி

கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில் ரூபிகான் தடம் என்று ஒன்று உண்டு. ஏறத்தாழ 35 கிலோமீட்டர்; பெரும்பகுதி பாறைதான். 1953 முதல் ஆண்டுதோறும் ஜீப்காரர்கள் அங்கே கூடுகிறார்கள். மனிதன் நடக்கும் வேகத்தில், சில இடங்களில் அதைவிடவும் மெதுவாக, வண்டியைப் பாறைமேல் ஏற்ற வேண்டும். அங்கே வேகம் யாருக்கும் தேவையில்லை. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே முறுக்கு விசை வேண்டும். போதாவிட்டால் பாறையின் நடுவில் எஞ்சின் நின்றுவிடும். உயரம் கூடக் கூடக் காற்றும் மெலிந்து எஞ்சினின் வலிமை குறைகிறது. இப்படிப்பட்ட வண்டிக்குப் பெரிய எஞ்சின் வெறும் ஆடம்பரம் அன்று.

"கிராங்கின் கை நீளுகிறது, நெம்புகோல் நீண்டால் விசை கூடுமே, அதனால்தான் முறுக்கு கூடுகிறது" என்று பலரும் விளக்கம் சொல்வார்கள். இது பாதி உண்மை. லிட்டர் அளவு மாறாமல் வீச்சை மட்டும் நீட்டினால் சிலிண்டர் குறுகியாக வேண்டும். பிஸ்டனின் பரப்புக் குறைந்து அதை அழுத்தும் விசையும் குறையும். நெம்புகோலில் கிடைத்த லாபம் அங்கே போய்விடும். முறுக்கு விசையைத் தீர்மானிப்பவை எஞ்சினின் மொத்தக் கொள்ளளவும் அதற்குள் எழும் சராசரி அழுத்தமும். நம் ஜீப்பில் விட்டம் குறையவில்லை. ஆகவே வீச்சு கூடியதெல்லாம் கொள்ளளவாக மாறி லாபமாயிற்று.

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. நிமிடத்துக்கு 5,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 14.5 மீட்டராக இருந்தது 16.5 ஆகிறது. குட்டை ராடு அதிகமாகச் சாய்கிறது: முன்பு 16 பாகைக்குச் சற்று மேல், இப்போது 19 பாகையையும் தாண்டி. சாய்வு கூடினால் பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரைப் பக்கவாட்டில் அதிகமாக அழுத்தித் தேய்க்கும். இதற்கு அஞ்சியவர்கள் 4 லிட்டரின் நீண்ட ராடையே வைத்துக்கொண்டு, ஊசித்துளை மேலே தள்ளி அமைந்த புதுப் பிஸ்டன்களை வாங்கிப் போட்டார்கள். செலவு கூடியது.

தட்டும் ஓசை

இந்த எஞ்சின்கள் பல, ஓடத் தொடங்கிய சில நாளிலேயே கெட்டுப்போயின. காரணம் அமுக்க விகிதம். பிஸ்டன் கீழே இருக்கும்போதுள்ள மொத்த இடத்தை, மேலே வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவது அது. 1990-களின் 4 லிட்டர் எஞ்சினில் 8.8. அதாவது 660 கன செ.மீ. வீச்சிடத்துக்கு மேலே ஏறத்தாழ 85 கன செ.மீ. மிஞ்சுகிறது. வீச்சிடம் 764 ஆகியும் மிஞ்சும் இடம் 87-க்கு மேல் போகாவிட்டால்? 851-ஐ 87-ஆல் வகுத்துப் பாருங்கள், 9.8 வருகிறது. பெரிதாக்குகிறோம் என்று மட்டும் நினைத்தவர், தமக்குத் தெரியாமலே அமுக்கத்தையும் கூட்டிவிட்டார்.

அமுக்கம் கூடினால் வாயு சூடேறும். மின்பொறி ஒரு மூலையில் தீ மூட்ட, அந்தத் தீ பரவி வருவதற்குள் எதிர்மூலையில் உள்ள கலவை பொறுக்க முடியாமல் தானாகவே வெடித்துவிடும். பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பது போன்ற 'டக் டக்' ஓசை கேட்கும். பாரத்தோடு ஏற்றத்தில், மெதுவாகச் சுற்றும்போது, எந்த வேலைக்காக எஞ்சினைப் பெரிதாக்கினார்களோ அதே வேலையில்தான் இது அதிகம் நிகழும். கவனிக்காவிட்டால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து போகும்.

பரிகாரங்கள் உண்டு. தலையில் ஆழமான குழிவுள்ள பிஸ்டன் போட்டு விகிதத்தைக் குறைக்கலாம். உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் ஊற்றலாம். (அமெரிக்க நிலையத்தில் 87 என்று எழுதியிருப்பது ஏறத்தாழ நம் 91-க்குச் சமம், கணக்கிடும் முறை வேறு.) மூன்றாவது பரிகாரம் கேட்பதற்கு விந்தையாக இருக்கும். உச்சியில் பிஸ்டனின் தட்டையான விளிம்புக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளியை 0.040, 0.050 அங்குலம் அளவுக்கு நெருக்க வேண்டும். அந்த ஓரத்து வாயு நசுங்கி நடுவே பீறிட்டுக் கலங்குகிறது. தீ விரைவாகப் பரவுகிறது. தானாக வெடிக்க ஓரத்தில் வாயு மிஞ்சுவதில்லை. நெருக்கினால் விகிதம் கூடுமே என்று கேட்பீர்கள். கூடும். அதைப் பிஸ்டனின் குழிவில் ஈடுசெய்ய வேண்டும்.

எரிபொருளையும் கவனிக்க வேண்டும். 4 லிட்டருக்கென அமைத்த தெளிப்பான்கள் 4.6 லிட்டரின் பசிக்குப் போதா; கலவை மெலிந்து சூடேறும். மணிக்கு 24 பவுண்டு தெளிக்கும் பெரிய தெளிப்பான்களைப் பலர் மாற்றிப் போட்டார்கள்.

வீட்டில் செய்வது எது?

"வீட்டிலேயே எஞ்சின் கட்டினேன்" என்பவர் எல்லாவற்றையும் வீட்டில் செய்திருக்க மாட்டார். சிலிண்டர் கடைவது, கிராங்கைக் கடைந்து சமன்செய்வது, காந்தப் பொடி தூவி விரிசல் பார்ப்பது எல்லாம் லேத் பட்டறையின் வேலை. ஹெட் வாங்கும்போதும் கவனம் தேவை. 2000, 2001 மாடல்களில் வந்த 0331 என்ற வார்ப்பு எண்ணுள்ள ஹெட் நடுவில் விரிசல் விடுவதில் பெயர் பெற்றது.

வீட்டில் செய்வது கழுவுவதும் அளப்பதும் பூட்டுவதும். இவற்றில் அளப்பதே பெரிய வேலை. பேரிங்குக்கும் கிராங்கின் கழுத்துக்கும் நடுவே எண்ணெய் நிற்பதற்கான இடைவெளி 0.001 முதல் 0.0025 அங்குலம் வரை இருக்க வேண்டும். நம் தலைமயிரின் பருமனைவிடக் குறைவாகவும் இருக்கலாம். இதை அளக்க மெல்லிய பிளாஸ்டிக் நூல் ஒன்று விற்கிறார்கள். நூலைக் கழுத்தின்மேல் வைத்து, மூடியை 80 அடி-பவுண்டு முறுக்கில் இறுக்கி, மறுபடியும் கழற்ற வேண்டும். நூல் எவ்வளவு அகலமாக நசுங்கியிருக்கிறது என்று பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும். ஏழு மூடிகளுக்கும் இதைச் செய்ய வேண்டும். மூடிகளை இடம் மாற்றவே கூடாது. ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வைத்துத்தான் துளை கடையப்பட்டது. கனெக்டிங் ராடுகளின் மூடிகளுக்கும் இதே விதி. அவற்றின் நட்டுகளுக்கு 33 அடி-பவுண்டு. இவற்றைக் கை மதிப்பில் இறுக்குவது சூதாட்டம். பூட்டியபின் பிஸ்டன்மேல் களிமண் உருண்டை வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, வால்வு பதித்த தடத்தின் ஆழத்தையும் பார்த்துக்கொள்வார்கள்.

புதுக் கேம் தண்டு போட்ட எஞ்சினுக்கு முதல் இருபது நிமிடம் கண்டம். கேம் தண்டின் மேடுகள் தட்டையான டாப்பெட்டுகளின்மேல் உராய்ந்து ஒன்றுக்கொன்று பழக வேண்டும். எஞ்சின் ஓடாமலே, டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாகத் துளைப்பான் கருவியால் எண்ணெய்ப் பம்பைச் சுழற்றி, எங்கும் எண்ணெய் ஏறிய பிறகே ஸ்டார்ட் செய்கிறார்கள். உடனே 2,000 சுற்றுக்கு உயர்த்தி இருபது நிமிடம் ஓட விடுகிறார்கள். மெதுவாக ஓட விட்டால் மேடுகளுக்குப் போதிய எண்ணெய் தெறிக்காது. இன்றைய எண்ணெய்களில், புகைபோக்கியின் வினையூக்கிக் கருவி கெடாமலிருக்கத் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். உலோகம் உலோகத்தோடு உரசாமல் காப்பது அதுதான். ஆகவே அது கூடுதலாக உள்ள எண்ணெயைத் தேடி ஊற்ற வேண்டும்.

இருபது நிமிடம் முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி எண்ணெயை வடிக்கிறார்கள். வடிகட்டியைக் குப்பையில் போடாமல் அறுத்துத் திறந்து, உள்ளே இருக்கும் காகித மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பிடிக்கிறார்கள். சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் புது எண்ணெய் ஊற்றி வண்டியைச் சாலைக்கு எடுக்கலாம். செதில்கள் மின்னினால் எஞ்சினை மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.